ஹார்னஸ் பந்தயம்: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹார்னஸ் பந்தயத்தில் குதிரையின் முதுகில் ஆள் இருக்கமாட்டார். குதிரை லேசான இரண்டு சக்கர வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடும். டிரைவர் அதில் குதிரையின் வாலை ஒட்டி, கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்திருப்பார். ரேக்ளா பார்த்து வளர்ந்தவர்களுக்கு வண்டி ஒன்றும் புதிதாகத் தெரியாது. புதிதாகத் தெரிய வேண்டியது வேறு: இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. டிராட் அல்லது பேஸ் என்ற இரண்டு நடைகளில் பந்தயத்துக்கு எது குறிக்கப்பட்டதோ, அந்த நடையிலேயே முழுத் தூரத்தையும் ஓடி முடிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் பந்தயத்தை வைத்து இதை எழுதுகிறோம். டொராண்டோ பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கேம்பல்வில்லில் உட்பைன் மோஹாக் பார்க் இருக்கிறது. நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு மெடோலேண்ட்ஸ், நியூயார்க்கில் யாங்கர்ஸ். விதிகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். சொற்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்தச் சொற்கள் முதல் நாளில் மலைப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் முக்கால்வாசி இரண்டே கவலைகளிலிருந்து பிறந்தவை. ஒன்று, நடை கெடக்கூடாது. இரண்டு, வெளிப்பாதையில் வீணாக ஓடக்கூடாது. புதுச்சொல் ஒன்று காதில் விழுந்தால், அது இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று கேளுங்கள். பாதி அர்த்தம் அங்கேயே கிடைத்துவிடும்.

நடையைக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது

டிராட் என்பது மூலைக்கு மூலை. முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து எழும்பி சேர்ந்து விழும். அடுத்து முன் இடதும் பின் வலதும். பேஸ் என்பது பக்கத்துக்குப் பக்கம். வலப்பக்கத்து இரண்டு கால்களும் ஒன்றாகப் போகும், பிறகு இடப்பக்கத்து இரண்டும். இரண்டு நடைக்கும் இரட்டைத் தாளம்தான். பாய்ச்சலில் அந்த இரட்டைத் தாளம் குலைந்துவிடும்.

வேலியோரம் நின்று பார்க்கும்போது நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முயலாதீர்கள்; கண் குழம்பிப் போகும். உங்கள் பக்கம் இருக்கும் இரண்டு கால்களை மட்டும் பாருங்கள். முன்காலும் பின்காலும் வயிற்றுக்கடியில் ஒன்றையொன்று நெருங்கி, பிறகு விரிந்து, கத்தரிக்கோல் போல இயங்கினால் அது டிராட். இரண்டும் ஒரே திசையில் இணையாகப் போய்வந்தால் பேஸ். எதிரே வரும் குதிரையில் இன்னும் எளிது: பேஸர் பக்கவாட்டில் அசைந்து அசைந்து வரும், டிராட்டர் நேராக வரும்.

வட அமெரிக்காவில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை பேஸர்கள். அவை வேகமும் கொஞ்சம் கூடுதல், நடை கெடுவதும் குறைவு. டிராட்டர்கள் பேஸர்களோடு கலந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் நடை எது என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கும்.

இரண்டுமே ஸ்டாண்டர்ட்பிரெட் என்ற ஒரே இனம். 1879-ல் வளர்ப்போர் சங்கம் பதிவுக்கு விதிகளை வகுத்தபோது, ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுவதை அளவுகோல்களில் ஒன்றாக வைத்தது. ஸ்டாண்டர்ட் என்ற பெயர் அந்த அளவுகோலிலிருந்து வந்தது. இன்றைய குதிரைகளின் வம்சாவளியைத் தேடிப் போனால், அநேகமாக எல்லாமே 1849-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சு கவுன்டியில் பிறந்த ஹாம்பில்டோனியன் என்ற ஒரே ஆண் குதிரையில் போய் நிற்கும். இனம் எவ்வளவு முன்னேறியது என்பதற்கு நேரங்களே சாட்சி. 1897-ல் ஸ்டார் பாயின்டர் என்ற பேஸர் முதன்முதலாக இரண்டு நிமிடத்துக்குள் மைலை முடித்தது. 2022 ஜூலையில் மெடோலேண்ட்ஸில் புல்டாக் ஹனோவர் அதே மைலை 1 நிமிடம் 45⅘ விநாடியில் ஓடியது. டிராட்டரில் ஹோமிசைட் ஹன்டர் 2018-ல் லெக்சிங்டனில் 1:48⅘ ஓடியது.

கட்டும் சாமான்கள்: எது எதற்கு

பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். குதிரைகள் உடம்பைச் சூடேற்ற வரும்போது, சாமான்களை நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வாருக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணம் குதிரையின் குறையைச் சொல்லிவிடும்.

வண்டிக்குப் புத்தகப் பெயர் சல்கி; லாயத்தில் எல்லோரும் 'பைக்' என்றுதான் சொல்வார்கள். முன்பு உயரமான பெரிய சக்கரங்கள் இருந்தன. 1892-ல் காற்றடைத்த சைக்கிள் சக்கரம் வந்தது. அந்த ஆண்டே நான்சி ஹாங்க்ஸ் என்ற டிராட்டர் மைலை 2:04-க்குக் கொண்டுவந்தது. பயிற்சிக்கு இழுக்கும் வண்டி வேறு. அதற்கு ஜாக் கார்ட் என்று பெயர், நீளமும் கனமும் அதிகம். ஜாக் கார்ட்டில் ஓடும் குதிரையைப் பார்த்து வேகத்தைக் கணிக்க வேண்டாம்.

பேஸரின் கால்களில் நான்கு வளையங்கள் தெரியும். ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஒரு வாரால் இணைக்கும் இவைதான் ஹாப்பிள்ஸ். நடையை உருவாக்குவது ஹாப்பிள்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நடை குதிரையின் ரத்தத்திலேயே இருக்கிறது: 2012-ல் வெளியான மரபணு ஆய்வு, பேஸ் நடைக்குத் தேவையான மாற்றம் ஒன்றை டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் கண்டது. ஹாப்பிள்ஸ் செய்வது, அழுத்தம் கூடும்போது குதிரை பாய்ச்சலுக்குத் தாவிவிடாமல் பிடித்து வைப்பது. ஹாப்பிள்ஸ் இல்லாமலே ஓடும் பேஸருக்கு 'ஃப்ரீ-லெக்ட்' என்று பெயர். டிராட்டர்களுக்கும் தனி வகை ஹாப்பிள்ஸ் உண்டு, ஆனால் அமைப்பு வேறு.

ஹாப்பிள்ஸின் நீளம் சின்ன விஷயமில்லை. பெரும்பாலான குதிரைகளுக்கு 55 முதல் 62 அங்குலத்துக்குள் இருக்கும். ஓர் அங்குலம் இறுக்கமானாலும் குதிரை காலை முழுதாக நீட்ட முடியாமல் திணறும், உள்தொடையில் வார் உரசிப் புண்ணாகும். தளர்ந்தால், தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது; நடை கெட்ட பிறகுதான் இழுக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை. உரசலைக் குறைக்க வளையம் படும் இடத்தில் பவுடர் போடுவார்கள். பந்தயம் முடிந்து வந்ததும் உள்தொடையை விரலால் தடவிப் பாருங்கள். முடி தேய்ந்து தோல் சிவந்திருந்தால் அடுத்த தடவை நீளத்தை மாற்றவேண்டும் என்று அர்த்தம்.

தலைப்பகுதியில் பார்க்க வேண்டியவை இவை. தலையைத் தாழ்த்த விடாமல் உச்சந்தலை வழியாகச் சேணத்துக்கு வரும் வார், ஓவர்செக். பின்னாலும் பக்கத்திலும் பார்க்க விடாமல் கண்ணோரம் இருப்பது கண்பட்டை. மூக்கின் மேல் உருளையாகக் கிடக்கும் ஆட்டுத்தோல், ஷேடோ ரோல். தரையில் விழும் நிழலைப் பார்த்து மிரளும் குதிரைக்கு. கழுத்தின் பக்கத்தில் சேணத்திலிருந்து தலைவரை நீண்டிருக்கும் கம்பு, ஹெட் போல். ஒரு பக்கமாகவே தலையைத் திருப்பிச் சாயும் குதிரையை நேராக வைக்க. காதுக்குள் பஞ்சு அடைப்பு இருக்கும். அதற்குக் கட்டிய கயிறு டிரைவரிடம் வரும். கடைசி நேர்பாதையில் அதை இழுத்து எடுத்துவிட்டால், அதுவரை அடங்கியிருந்த சத்தம் முழுக்க ஒரேயடியாகக் காதில் விழும். சில குதிரைகள் அதற்கே இன்னொரு வேகம் எடுக்கும்.

காலுக்குக் கட்டும் உறைகளுக்கு பூட்ஸ் என்று பெயர். அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், குதிரை தன்னைத்தானே எங்கே இடித்துக்கொள்கிறது என்பது தெரியும். முழங்கால் உறை இருந்தால், ஒரு முன்கால் குளம்பு மறு முன்கால் முட்டியைத் தட்டுகிறது. பேஸரில் பின்குளம்பு எதிர்ப்பக்க முன்குளம்பில் போய் அடிப்பதற்கு 'கிராஸ்-ஃபயர்' என்று பெயர். டிராட்டரில் முன்குளம்பின் நுனி, அதே பக்கத்துப் பின்குளம்பின் மேல்விளிம்பைச் சீவுவதற்கு 'ஸ்கால்ப்பிங்'. இப்படி ஒருமுறை நன்றாக இடித்துக்கொண்ட குதிரை வலிக்குப் பயந்து நடையை விட்டுவிடும். அதனால்தான் டிராட்டரின் லாடம் இவ்வளவு பேச்சுக்குரிய பொருள். முன்காலில் கொஞ்சம் கனமான லாடம் அடித்தால் கால் மடங்கி நீளும் விதம் மாறும், பின்கால் வரும் வழி விலகும். அதிகமாகக் கனத்தால் கடைசிக் கால் மைலில் கால் சோர்ந்துபோகும்.

சேணம் பூட்டும் வரிசை

லாயத்தில் உதவிக்குச் சேர்கிறவர்கள் முதல் வாரத்தில் கற்க வேண்டியது இதுதான். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்து பார்க்க வேண்டாம்.

1. குதிரையை இரண்டு பக்கமும் கயிற்றில் கட்டி நிறுத்துங்கள். முதுகையும் வண்டிக் கட்டு படும் இடங்களையும் நன்றாகத் துலக்குங்கள். ஒட்டியிருக்கும் ஒரு மண் கட்டி போதும், புண் வந்துவிடும்.

2. சேணத்தை அதன் மெத்தையோடு முதுகில் வைத்து, வாலை வால்வாருக்குள் முழுவதுமாக நுழையுங்கள். வால்முடி ஒன்றுகூட வாருக்கடியில் சிக்கியிருக்கக்கூடாது. அது குத்தினால் உதைக்கும். வயிற்று வாரை முதலில் தளர்வாக, ஐந்து நிமிடம் கழித்து இறுக்கமாகப் போடுங்கள். முதலில் குதிரை மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும்.

3. பூட்ஸ். பேஸராக இருந்தால் அடுத்து ஹாப்பிள்ஸ். கால்களை ஒவ்வொன்றாக வளையத்துக்குள் விட்டு, மேலே தொங்கும் வார்களில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள்.

4. தலைக்கட்டும் கடிவாளமும். பிறகு லைன்ஸ், அதாவது டிரைவர் கைக்கு வரும் நீண்ட வார்கள். முறுக்கு இல்லாமல் போக வேண்டும்.

5. வண்டி பூட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குதிரையின் தலைமாட்டில் நிற்க, மற்றவர் வண்டியைப் பின்னாலிருந்து கொண்டுவந்து இரண்டு ஏர்க்கால்களையும் சேணத்தின் இரு பக்கக் கொக்கிகளில் மாட்டுவார். ஒவ்வொரு கொக்கியையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தது போதாது.

6. ஓவர்செக்கைக் கடைசியில், ட்ராக்குக்குக் கிளம்பும் முன்புதான் மாட்டவேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்தபடியே நெடுநேரம் நிற்கவைத்தால் குதிரை எரிச்சலாகும்.

அவிழ்க்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் ஓவர்செக், பிறகு வண்டி, அதற்குப் பிறகே தலைக்கட்டு. வண்டி பூட்டியிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் தலைக்கட்டைக் கழற்றாதீர்கள். கண்பட்டை விலகியதும் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டு வருவது குதிரைக்குத் திடீரென்று தெரியும். கடிவாளமும் இல்லாத குதிரையை அதற்குமேல் யாராலும் நிறுத்த முடியாது. லாயத்தில் நடக்கும் மோசமான விபத்துகள் இப்படித்தான் வருகின்றன.

கேட் மூடும் வரை

பயிற்சி ஓட்டத்தில் குதிரைகள் பந்தயத் திசைக்கு எதிராக, கடிகாரச் சுற்றில் மெதுவாக ஓடும். இதற்கு 'ஜாக்' என்று பெயர். பந்தயமும் வேகப் பயிற்சியும் எதிர்ச்சுற்றில், உள்வேலி இடக்கைப் பக்கம் இருக்க. நீண்ட நாளாக ஜாகுக்கும் வேகத்துக்கும் திசையைப் பிரித்து வைத்ததால், குதிரையைத் திருப்பியவுடன் வேலை ஆரம்பம் என்று அதற்கே தெரிந்துவிடும்.

ஆரம்பக் கோட்டில் குதிரைகள் நிற்பதில்லை. இரண்டு பக்கமும் நீண்ட இறக்கை வைத்த கார் முன்னே ஓடும், 'கேட்' என்பது இதுதான்; குதிரைகள் இறக்கைக்குப் பின்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு வரும். 1946-ல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் இது வருவதற்கு முன், வரிசை சரியாகும்வரை திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் சலித்துப் போனார்கள். அமெரிக்க விதிப்படி கார் முதல் எட்டில் ஒரு மைலில் மணிக்கு 11 மைலுக்குக் குறையாமலும், அடுத்த பதினாறில் ஒரு மைலில் 18 மைலுக்குக் குறையாமலும் போய், ஆரம்பக் கோடு வரும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கோட்டில் கார் விலகி, இறக்கை மடங்கும்.

கோட்டுக்கு முன்பே ஒரு குதிரை நடை கெட்டுப் பாய்ந்தால், அதற்காக மட்டும் பந்தயத்தைத் திருப்பி அழைக்கமாட்டார்கள். ஒரு குதிரை விழுந்தாலோ, சாமான் அறுந்தாலோ, ஒன்று இன்னொன்றின் வழியில் குறுக்கிட்டாலோதான் 'ரீகால்'. பழைய பந்தயங்களில் "கேட்டில் கெட்டது" என்று குறிப்பு இருக்கும் குதிரையை நம்பிப் பார்க்க வேண்டாம்.

இடம் எண் 1 உள்வேலியை ஒட்டியது. அரை மைல் ட்ராக்கில் இதன் மதிப்பு அதிகம், ஏனென்றால் ஒரு மைலுக்கு நான்கு வளைவுகள், முதல் வளைவும் சீக்கிரமே வந்துவிடும். ஒரு மைல் ட்ராக்கில் வளைவு இரண்டுதான், நேர்பாதை நீளம், அதனால் வெளி எண்களுக்கும் வழி உண்டு. யாங்கர்ஸ் அரை மைல். மோஹாக் எட்டில் ஏழு மைல். மெடோலேண்ட்ஸ் ஒரு மைல். முதன்முறை பார்க்கும்போது எந்த ட்ராக் என்பதைக் கவனிக்காமல் 8-ஆம் எண் குதிரையை எடைபோட்டால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

பந்தயத்துக்குள் நடப்பதைப் படிப்பது

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான பந்தயங்கள் இரண்டு வரிசையாகப் போகும்: உள்வேலியோரம் ஒன்று, அதற்கு வெளியே ஒன்று.

உள்வரிசையில் இடம் கிடைக்காமல் வெளியிலேயே ஓடுவது 'பார்க்ட்'. இது ஏன் இவ்வளவு பெரிய குற்றமாகப் பேசப்படுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிவரிசை உள்வரிசையைவிட இரண்டு மீட்டர் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அரைவட்ட வளைவு ஒன்றுக்கு 2 × 3.14, அதாவது 6 மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். மைலை 1:52-ல் ஓடும் குதிரை விநாடிக்கு 14 மீட்டருக்குச் சற்று மேல் போகும். ஆக வளைவு ஒன்றுக்கு ஏறக்குறைய ⅖ விநாடி, அதாவது இரண்டு லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்), கைவிட்டுப் போகிறது. அரை மைல் ட்ராக்கில் நான்கு வளைவும் வெளியில் ஓடினால் கூடுதல் தூரம் 25 மீட்டர். இதைவிடக் கொடுமை காற்று: முன்னால் யாரும் இல்லாமல் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் குதிரைக்குத்தான் அலுப்பு அதிகம்.

இங்கிருந்து மற்ற சொற்கள் தாமாகவே விளங்கும்.

வெளிவரிசைக்குத் தலைமை ஏற்று, யாரும் காற்றைத் தடுக்காமல் முன்னேறுவது 'ஃபர்ஸ்ட் ஓவர்'. கடினமான வேலை. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது 'செகண்ட் ஓவர்'. முன்குதிரை காற்றைத் தாங்கும், இது பின்னால் மறைந்து வரும். அந்த மறைவுக்குத்தான் 'கவர்' என்று பெயர். கடைசி வளைவில் முன்குதிரை அலுத்துப் போகும்போது வெளியே திருப்பிப் போவதற்கு இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் முன்குதிரை முன்கூட்டியே சரிந்துவிட்டால், பின்னால் இருப்பதும் அதோடு சேர்ந்து பின்தங்கும். 'கவர் செத்துவிட்டது' என்பார்கள்.

முதல் குதிரைக்கு நேர் பின்னால் உள்வேலியோரம் இருப்பது 'பாக்கெட்', அல்லது 'டூ-ஹோல்'. தூரமும் மிச்சம், காற்றும் மிச்சம். சிக்கல் ஒன்றே: வெளிவரிசை பக்கத்தில் அடைத்துக்கொண்டால் வழியே கிடைக்காது. சில ட்ராக்குகளில் இதற்காகக் கடைசி நேர்பாதையில் உள்பக்கம் ஒரு கூடுதல் பாதை திறந்திருக்கும். 'பாஸிங் லேன்' என்பது அது. அந்த ட்ராக்குகளில் பாக்கெட்டின் மதிப்பு ஏறிவிடும்.

வெளிவரிசை முன்னேற முன்னேற, உள்வரிசைக் குதிரைகள் தம் வேகத்தைக் குறைக்காமலேயே பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்கு 'ஷஃபிள்'. நான்காவது இடத்தில் நிம்மதியாக ஓடிய குதிரை, முக்கால் மைலில் எட்டாவதாக வருவது இதனால்தான். தப்பு குதிரையுடையதில்லை.

கேட்டிலிருந்தே முன்னிலைக்குத் துரத்துவது 'லீவிங்'. முன்னிலை கிடைத்ததும் டிரைவர் வேகத்தைத் தணித்துக் குதிரைக்கு மூச்சுவாங்க இடம் கொடுப்பார். எவ்வளவு மெதுவாக இரண்டாவது கால் மைலைக் கடக்க மற்றவர்கள் அனுமதிக்கிறார்களோ, அவ்வளவு பலம் அதற்குக் கடைசியில் மிஞ்சும். டிரைவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கடைசி நேர்பாதையைப் பார்க்காதீர்கள், இரண்டாவது கால் மைலைப் பாருங்கள்.

நடை கெட்டால்

'பிரேக்' என்பது குதிரை நடையை விட்டுப் பாய்ச்சலுக்குத் தாவுவது. டிரைவர் மூன்று வேலைகள் செய்தாக வேண்டும்: இடமிருந்தால் வெளிப்பக்கம் ஒதுங்க வேண்டும், லைன்ஸைப் பிடித்து குதிரையைத் திரும்ப நடைக்குக் கொண்டுவர உண்மையாகவே முயல வேண்டும், பாய்ச்சலில் இடம் சம்பாதிக்கக்கூடாது, இழக்க வேண்டும். மூன்றையும் செய்திருந்தால் மட்டும் கெட்ட குதிரை, முடிவில் எத்தனையாவதாக வந்ததோ அந்த இடத்தை வைத்துக்கொள்ளும். இறுதிக் கோட்டில் பாய்ச்சலிலேயே கடந்தால் இன்னொரு விதி: நடையில் சரியாக வந்த போட்டிக் குதிரை ஒன்றின் மூக்கு, கெட்ட குதிரையின் பின்பாகத்தையாவது தொட்டு ஓடிக்கொண்டிருந்தால், கெட்டது அதற்குப் பின்னுக்குத் தள்ளப்படும். இதற்கு 'லாப்ட் ஆன் பிரேக்'.

ஆகவே இறுதிக்கோட்டைத் தாண்டியதும் கத்திக் கொண்டாட வேண்டாம். பலகையில் 'இன்க்வயரி' எரிந்தால் நடுவர்கள் வீடியோ பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நடைக் கேடு மட்டுமல்ல, குறுக்கீட்டுக்கும், உள்வேலிக்குப் பதிலாக வைத்திருக்கும் பைலன் கம்பங்களில் தொடர்ந்து இரண்டுக்கு உள்ளே போய் வருவதற்கும் பின்னுக்குத் தள்ளுவார்கள்.

ஏன் கெடுகிறது என்று பார்க்க முயலுங்கள். வளைவு தொடங்கும் இடத்திலேயே திரும்பத் திரும்பக் கெட்டால் லாடமோ காலோ சந்தேகம். கடைசி நேர்பாதையில் கெட்டால் பெரும்பாலும் அலுப்பு. பக்கத்துக் குதிரை வந்ததும் கெட்டால் பயம். அதற்குக் கண்பட்டையை மாற்றிப் பார்ப்பார்கள். கெட்ட பந்தயங்கள் சேர்ந்தால், அந்தக் குதிரையைத் தகுதி ஓட்டம் ஒன்றில் ஓட்டி நிரூபித்த பிறகுதான் மறுபடி பந்தயத்தில் சேர்ப்பார்கள்.

நிகழ்ச்சி நிரலின் ஒரு வரி

கீழே இருப்பது கற்பனை வரி, ஆனால் அமைப்பு நிஜம்:

27.1 – 56.0 – 1:24.2 – 1:52.3 | 6 | 5° | 3° | 2°/1 | 2/½ | 3/2 | 1:53.0

முதல் நான்கு எண்களும் முன்னிலையில் இருந்த குதிரையின் நேரம், ஒவ்வொரு கால் மைலுக்கும் மொத்தமாக. புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் ஒரு பங்கில்லை, ஐந்தில் ஒரு பங்கு. 27.1 என்றால் 27⅕ விநாடி. தொடங்குபவர்கள் அத்தனை பேரும் இங்கேதான் தவறுகிறார்கள். 6 என்பது ஆரம்ப இடம். பிறகு கால், அரை, முக்கால், கடைசி நேர்பாதை, முடிவு என ஐந்து இடங்களில் அது எத்தனையாவதாக இருந்தது. சாய்கோட்டுக்குப் பின் இருப்பது, முன்னிலையிலிருந்து எத்தனை லெங்த் பின்னால் என்பது. சின்ன வட்டம், அந்தக் கட்டத்தில் வெளிவரிசையில் ஓடியது என்பதைச் சொல்லும். எழுத்து எக்ஸ் போட்டிருந்தால் நடை கெட்டது. அதற்கு முன் ஐ இருந்தால் குறுக்கீட்டால் கெட்டது, குதிரையின் தப்பில்லை.

ஒரு லெங்த் என்பது ⅕ விநாடி என்று கணக்கிடுவார்கள். வென்ற குதிரை 1:52⅗. நம் குதிரை இரண்டு லெங்த் பின்னால், ⅖ விநாடி கூட்டினால் 1:53. முக்கால் மைலில் ஒரு லெங்த் பின்னால் இருந்தது, அதாவது 1:24⅗. கழித்தால் அதன் கடைசிக் கால் மைல் 28⅖. வென்றது முன்னிலையில் இருந்த குதிரை என்று வைத்துக்கொண்டால் அதற்கு 28⅕. வித்தியாசம் சின்னது. ஆனால் நம் குதிரை முக்கால் மைல்வரை வெளியிலேயே ஓடி வந்த பிறகும் அவ்வளவு கொடுத்தது. அடுத்த முறை 2-ஆம் எண்ணிலிருந்து கிளம்பினால் வேறு கதை.

குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அதன் சிறந்த நேரம் இப்படி இருக்கும்: பி,3,1:52.4எஃப். பேஸர், மூன்று வயதில், 1:52⅘, எட்டில் ஐந்து மைல் ட்ராக்கில். கடைசி எழுத்து எச் என்றால் அரை மைல், எஸ் என்றால் எட்டில் ஏழு, எம் என்றால் ஒரு மைல். அரை மைலில் எடுத்த 1:53, ஒரு மைலில் எடுத்த 1:51-ஐவிடப் பெரிது என்று வாதாட நியாயம் இருக்கிறது.

பணம் கட்டும் சாளரம் பக்கத்தில்தான் இருக்கும். முதல் சில முறை அதைத் தொடாமல், பந்தயத்துக்கு ஒரு குதிரையை மட்டும் தேர்ந்தெடுத்து, கேட் முதல் கோடு வரை அதையே பார்த்து, அது உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று நீங்களே காகிதத்தில் வட்டம் போடுங்கள். பிறகு வெளியாகும் அதிகாரபூர்வ வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பந்தயத்துக்குள் கண் பழகிவிடும்.

வேறு நாட்டு ஒளிபரப்பைப் பார்க்கும்போது

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை மெடோலேண்ட்ஸில் ஹாம்பில்டோனியன் என்ற மூன்று வயது டிராட்டர் பந்தயம், 1926 முதல் நடப்பது. பேஸர்களுக்கு ஓஹியோவின் டெலவேரில் செப்டம்பரில் லிட்டில் பிரவுன் ஜக், 1946 முதல். ஜூனில் மோஹாக்கில் நார்த் அமெரிக்கா கப். இந்த மூன்றுக்கும் மேலே சொன்ன சொற்கள் போதும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஒளிபரப்பில் முன்னிலைக்கு நேர் வெளியே காற்றைத் தாங்கி ஓடும் இடத்தை 'டெத் சீட்' என்பார்கள். அதற்கு நேர் பின்னால் மறைவில் இருப்பது 'ஒன்-ஒன்'. பிரான்ஸிலும் ஸ்வீடனிலும் டிராட் மட்டும்தான், பேஸ் கிடையாது. பாரிஸின் வான்சென் ட்ராக்கில் 1920 முதல் நடக்கும் பிரி தமெரிக் 2,700 மீட்டர். அங்கே வண்டி இல்லாமல் முதுகில் ஏறி டிராட்டில் ஓட்டும் 'மோன்டே' பந்தயங்களும் உண்டு. அவர்கள் நேரத்தை ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கிடுவார்கள், பத்தில் ஒரு பங்கு விநாடியில். ஒப்பிட வேண்டுமென்றால் மைல் நேரத்தை விநாடியாக்கி 1.609-ஆல் வகுங்கள்: 1:52 என்பது 112 விநாடி, வகுத்தால் 69.6, அதாவது கிலோமீட்டருக்கு 1:09.6.